மலைகளுக்கு நடுவே அடிவானம்: சிறிய விமானத்தின் முதன்மைத் திரையை வாசிப்பது எப்படி?

மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் அடிவானத்தை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். ஹப்புத்தளை விளிம்பில் நின்று தெற்கே பார்த்தால், முகில் இல்லாத நாளில் கடற்கரை வரை தெரியும். அங்கே அடிவானம் என்று ஒன்று உண்டு. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ நின்றால் கண்ணுக்கு எட்டுவது மலை முகடுதான். வானம் அந்த முகட்டிலிருந்து தொடங்கும், முகடும் நேராக இருக்காது. தரையில் இருப்பவருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. விமானம் ஓட்டுபவருக்கு உண்டு. பயிற்சி தொடங்கிய உடனேயே சொல்லிக்கொடுப்பது, விமானத்தின் மூக்கை அடிவானத்தோடு ஒப்பிட்டுப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான். இரத்மலானையில் ஓடுபாதையை விட்டு எழும்பினால் எதிரே கடல், கடலுக்கு மேலே அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. அவிசாவளையைத் தாண்டி உள்ளே வந்தால் அந்தக் கோடு காணாமல் போய்விடுகிறது.

கொக்பிட்டில் விமானிக்கு நேர் எதிரே இருக்கும் பெரிய திரையைத்தான் முதன்மைப் பறப்புத் திரை என்கிறார்கள். அதைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் சமவெளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே அதே திரையை நம் மலைகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் திரை விமானத்தைப் பற்றி நிறையப் பேசும். மலையைப் பற்றி அனேகமாக ஒன்றும் சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் மலைநாட்டில் பறப்பவரின் வேலை.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் மிதவை விமானத்தைப் பார்த்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அது செஸ்னா கரவான் வகை. ஒற்றை இயந்திரம், தண்ணீரிலும் ஓடுபாதையிலும் இறங்கக்கூடியது. பயிற்சிப் பள்ளிகளில் ஓடுவது இன்னும் சிறிய, நான்கு இருக்கைச் செஸ்னா 172 போன்றவை. இந்த இரண்டு வகையிலும் புதிய விமானங்களில் கார்மின் நிறுவனத்தின் ஜி1000 என்ற திரைத் தொகுதியைக் காணலாம். 2004இல் சிறிய விமானங்களுக்குள் வந்த இது, சில வருடங்களிலேயே பயிற்சி உலகத்தைப் பிடித்துக்கொண்டது. இடதுபக்கத் திரை முதன்மைத் திரை. அடுத்த திரையில் வரைபடமும் இயந்திரத்தின் நிலவரமும் இருக்கும். வேறு நிறுவனங்களின் திரைகளும் உண்டு. அடுக்கும் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் ஜி1000ஐயே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த இடத்தில் ஆறு வட்ட மானிகள் இருந்தன. வேகத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, சாய்வுக்கு ஒன்று என்று கண் ஒவ்வொன்றாகச் சுற்றிவர வேண்டும். புதிய திரை அந்த ஆறையும் ஒரே படமாக்கியது. நடுவில் சாய்வு, இடப்பக்கம் வேகம், வலப்பக்கம் உயரம், கீழே திசை. பழைய மானிகளும் ஏறக்குறைய இதே ஒழுங்கில்தான் இருந்தன. அதனால் பழைய விமானிகளுக்குப் புதுத் திரை சில மணி நேரத்தில் பழகிவிடும் என்பார்கள். வாசிக்கப் பழகுவது சரிதான், நம்பப் பழகுவதற்குத்தான் நாளாகும்.

திரையின் பெரும்பகுதியை நீலமும் பழுப்பும் பிடித்துக்கொள்கின்றன. நீலம் வானம், பழுப்பு தரை, இரண்டும் சந்திக்கும் வெள்ளைக் கோடு அடிவானம். நடுவில் மஞ்சளாக ஒரு சிறிய விமானக் குறி. அது அசையாது. பின்னால் இருக்கும் அடிவானம்தான் ஏறும், இறங்கும், சாயும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதில் தடுமாறுவதுண்டு. விமானம் வலப்பக்கம் சாய்ந்தால் திரையில் கோடு இடப்பக்கம் சாய்கிறது. கண்ணாடிக்கு வெளியே அடிவானம் தெரிந்தால் அதுவும் அப்படித்தான் சாயும் என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். திரை என்பது வெளியே பார்க்கும் ஒரு ஜன்னல். மேலே வளைவாக உள்ள அளவுகோல் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறோம் என்று காட்டும்: 10, 20, 30, 45, 60. அதன் முனையில் உள்ள முக்கோணத்தின் கீழ் ஒரு சின்னக் கட்டை. திரும்பும்போது விமானம் பக்கவாட்டில் வழுக்கினால் அந்தக் கட்டை விலகி நிற்கும். மூக்கு அளவுக்கு மீறி மேலேயோ கீழேயோ போய்விட்டால் சிவப்பு அம்புக்குறிகள் தோன்றி, அடிவானம் எந்தப் பக்கம் என்று காட்டும். தேவையில்லாத தகவல்கள் அந்த நேரத்தில் தாமாகவே மறைந்துவிடும். வடிவமைத்தவர்கள் யோசித்துச் செய்த விஷயங்களில் இது ஒன்று.

இந்தக் கோடு எதற்கு இவ்வளவு முக்கியம்? காரணம் நம் காது. சமநிலையை உணர்வது உட்செவியில் உள்ள அரைவட்டக் குழாய்களில் ஓடும் திரவம். அது மாற்றத்தை உணரும், நிலையை உணராது. ஒரு திருப்பம் மிக மெதுவாகத் தொடங்கினால் அதற்குத் தெரியவே தெரியாது. ஒரே அளவில் இருபது விநாடி போலத் தொடர்ந்து திரும்பிக்கொண்டிருந்தால் திரவமும் கூடவே ஓடத் தொடங்கி, நேராகப் போவது போன்ற உணர்வு வந்துவிடும். ரம்பொடை வளைவுகளில் ஏறும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தவருக்கு, வளைவு முடிந்து நேர் வீதிக்கு வந்ததும் பஸ் எதிர்ப்பக்கம் திரும்புவது போலத் தோன்றுமே, அதே கோளாறுதான். பஸ்ஸில் சாரதி கண் திறந்திருக்கிறார். முகிலுக்குள் போன விமானத்தில் விமானியும் கண் மூடியவர் மாதிரிதான்.

1954இல் அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். இருபது பேருமே விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் தவறினார்கள். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. அவர்களுக்கு முன்னாலும் மானிகள் இருந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. கருவி இருப்பது வேறு, உடம்பு சொல்வதை மறுத்துக் கருவி சொல்வதைக் கேட்பது வேறு. அது முடியும் என்பதை 1929 செப்டெம்பர் 24ஆம் திகதியே அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் நியூயோர்க் அருகே மறைத்த கொக்பிட்டில் ஏறி, இறங்கிக் காட்டியிருந்தார். அவருக்கு உதவியது ஸ்பெரி நிறுவனம் செய்த செயற்கை அடிவானம், இன்றைய நீலம் பழுப்பின் பாட்டன்.

முகில் மட்டும்தான் பிரச்சினை என்றால் முகிலைத் தவிர்த்துவிடலாம். மலைநாட்டில் வெயிலடிக்கும் நேரத்திலும் ஒரு பொறி இருக்கிறது, அதைப் பற்றிப் பொதுவான விளக்கங்களில் அதிகம் வராது. பள்ளத்தாக்கு வழியே ஏறிக்கொண்டு போகும் விமானிக்கு எதிரே தெரிவது தூரத்து முகடு. உண்மையான அடிவானம் அந்த முகட்டுக்குக் கீழே, மலைக்குப் பின்னால் எங்கோ மறைந்திருக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது. முகட்டையே அடிவானமாக எடுத்துக்கொண்டு மூக்கை அதற்கு நேராகப் பிடித்தால், மூக்கு இருக்க வேண்டியதைவிட மேலே இருக்கும். வேகம் மெல்ல மெல்லக் கரையும். இயந்திரம் முழு வலுவில் உறுமிக்கொண்டிருப்பதால் எல்லாம் சரியாக நடப்பது போலவே தோன்றும். தேயிலைச் சரிவுகள் இதை இன்னும் மோசமாக்கும். ஒரே சீராக வெட்டிய பச்சைச் சரிவு ஒரு பக்கம் முழுக்க நிறைந்திருந்தால், அதற்குச் சமாந்தரமாக இறக்கையைப் பிடிக்கச் சொல்லிக் கண் வற்புறுத்தும். இந்த இடத்தில் வெள்ளைக் கோடு மட்டும்தான் உண்மை பேசும் சாட்சி. கண்ணாடிக்கு வெளியே ஒன்று, திரையில் ஒன்று என்று இரண்டு அடிவானங்கள் வேறுபட்டால், மலைக்குள் இருக்கும்போது திரைக்கே என் வாக்கு.

இடப்பக்கம் உள்ள வேகப் பட்டைக்கு வருவோம். எண்கள் நொட் கணக்கில் மேலும் கீழுமாக உருளும். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். பட்டையின் ஓரத்தில் நிறங்கள். செஸ்னா 172இன் எஸ் வகையில் வெள்ளை 40இலிருந்து 85 வரை, பச்சை 48இலிருந்து 129 வரை, மஞ்சள் 129இலிருந்து 163 வரை, 163இல் சிவப்பு. வெள்ளை என்றால் இறக்கையின் பின் மடிப்புகளை முழுதாக விரிக்கலாம், பச்சை வழக்கமான பறப்பு, மஞ்சள் அமைதியான காற்றில் மட்டும், சிவப்பைத் தொடவே கூடாது. பட்டையை ஒட்டி மெஜெண்டா நிறத்தில் ஒரு சிறு கோடு நீளும், சுருங்கும். இப்போது நடப்பது தொடர்ந்தால் ஆறு விநாடியில் வேகம் எவ்வளவு ஆகும் என்பதை அது காட்டும். மேலே சொன்ன முகட்டுப் பொறியில் விழுபவரை முதலில் தட்டி எழுப்புவது இந்தக் கோடுதான். வேக எண் மெதுவாகக் குறைவதைக் கவனிக்கத் தவறலாம். கீழ்நோக்கி ஒரு கோடு தொங்கிக்கொண்டே இருந்தால் கண்ணில் படாமல் போகாது.

நிறங்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பச்சையின் அடி 48 என்று சொன்னேன். அதற்குக் கீழே போனால் இறக்கை காற்றைப் பிடிக்காது. ஆனால் அந்த 48, நேராகப் பறக்கும்போதுதான். 45 பாகை சாய்ந்து திரும்பினால் அது சுமார் 57 ஆகிவிடும், 60 பாகையில் 68. பட்டையில் உள்ள பச்சை இதற்காக நகராது. திரும்பும்போது நிறத்தை அப்படியே நம்பக் கூடாது, மனதுக்குள் ஒரு கூட்டல் போட வேண்டும்.

அடுத்தது வெப்பம். உயரம் கூடக் கூடக் காற்று ஐதாகும் என்பது தெரிந்ததே. வெப்பமும் காற்றை ஐதாக்கும் என்பதை நுவரெலியாக் குளிரில் யாரும் யோசிப்பதில்லை. சர்வதேச அளவுகோலின்படி கடல்மட்டத்தில் 15 பாகை, ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 2 பாகை குறையும். நுவரெலியா சுமார் 6,100 அடி. அளவுகோலின்படி அங்கே 3 பாகை இருக்க வேண்டும். நண்பகலில் 20 பாகை என்று வைத்துக்கொண்டால் 17 பாகை அதிகம். அதிகமான ஒவ்வொரு பாகைக்கும் 120 அடி உயரத்தைக் கூட்டிக்கொள்வது விமானிகளின் மனக்கணக்கு. கூட்டிப் பார்த்தால் 8,100 அடிக்கு மேல் வருகிறது. பீதுருதாலகால மலையின் உச்சி 8,281 அடி. அதாவது நாம் சுவெட்டர் போட்டுக்கொண்டு நடக்கும் அந்த நண்பகலில், இயந்திரமும் இறக்கையும் ஏறக்குறைய பீதுருதாலகால உச்சியில் இருப்பது போலத் திணறுகின்றன. கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும் செஸ்னா, அந்தக் காற்றில் அதில் பாதிதான் ஏறும்.

வேகப் பட்டை இதைச் சொல்லாது. முன்னோக்கி நீட்டிய ஒரு குழாய்க்குள் வந்து மோதும் காற்றின் அழுத்தத்தைத்தான் அது வேகமாக மொழிபெயர்க்கிறது. ஐதான காற்றில் அதே அழுத்தம் வர விமானம் இன்னும் வேகமாகப் போக வேண்டும். பட்டை 100 என்று காட்டும்போது, அந்த 8,000 அடிக் காற்றில் உண்மையான வேகம் 113 நொட்டுக்குக் கிட்ட. திரையின் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் உண்மை வேகமும் வெளி வெப்பநிலையும் இருக்கின்றன. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. மலைநாட்டில் பறப்பவர் பார்த்தாக வேண்டும். திரும்புவதற்குத் தேவையான இடம் உண்மை வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவதே காரணம். 100 நொட்டில் 30 பாகை சாய்ந்து திரும்பினால் வட்டத்தின் ஆரை சுமார் 470 மீற்றர். 113 நொட்டில் அது 600 மீற்றர். முழுதாகத் திரும்பி வந்த வழியே போக 1.2 கிலோமீற்றர் அகலம் வேண்டும். மேலே போகப் போக ஒடுங்கும் பள்ளத்தாக்கில் அந்த அகலம் இருக்கிறதா என்பதை உள்ளே நுழையும் முன்பே கணக்குப் போட வேண்டும். நடுவிலே போகாமல் ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் போகச் சொல்வதும் இதற்காகத்தான். திரும்ப வேண்டிவந்தால் முழு அகலமும் கையில் இருக்கும்.

வலப்பக்கத்து உயரப் பட்டைதான் வெளியாட்களை அதிகம் ஏமாற்றுவது. அதில் காட்டும் உயரம் கடல்மட்டத்திலிருந்து. தரையிலிருந்து அல்ல. பட்டையில் 7,000 என்று இருந்தால் கொழும்புக்கு மேலே அது வானம் முழுவதும் நமக்கே என்ற நிலை. நுவரெலியா நகருக்கு மேலே 900 அடிதான் மிச்சம். சில கிலோமீற்றர் தள்ளிப் போனால் பீதுருதாலகால மலையின் உடம்புக்குள்ளே இருக்கிறோம். சிவனொளிபாத மலையும் 7,359 அடி. ஒரே எண், மூன்று வேறு கதைகள். எந்தக் கதை என்பதை உயரப் பட்டை சொல்லாது. நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

இந்தப் பாடத்தை மலைநாடு மிகக் கொடூரமாகக் கற்றது 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்தபோது நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே சப்தகன்னி மலையில் மோதியது. உள்ளே இருந்த 191 பேரும் இறந்தார்கள். விமானம் எங்கே நிற்கிறது என்பதைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. விமான நிலையம் கிட்டிவிட்டது என்று நினைத்தார்கள். நடுவில் இன்னும் மலைகள் இருந்தன. அது பெரிய ஜெட், நாம் பேசுவது சின்ன விமானம். ஆனால் உயர எண் தனியாக எதையும் காப்பாற்றாது என்பது இரண்டுக்கும் பொது.

உயரப் பட்டையின் அடியில் நீல எழுத்தில் ஒரு அழுத்த எண் இருக்கும். கடல்மட்டத்தில் இப்போது காற்றழுத்தம் என்ன என்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதை விமானி அங்கே திருகிப் பொருத்த வேண்டும். உயரமானி என்பது அடிப்படையில் ஓர் அழுத்தமானிதான். ஒரு ஹெக்டோபஸ்கால் பிழை என்றால் உயரத்தில் 30 அடி போல. நம் போன்ற வெப்பவலய நாட்டில் அழுத்தம் பெரிதாக ஆடாது. ஆனால் தினசரி ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நான்கு மணியளவில் தாழ்வு. வித்தியாசம் மூன்று நான்கு ஹெக்டோபஸ்கால் வரும். காலையில் பொருத்திய எண்ணோடு மாலையில் பறந்தால் நூறு அடி அளவுக்கு உண்மையைவிட உயரமாக இருப்பதாகத் திரை காட்டும். கடலுக்கு மேலே நூறு அடி ஒரு பொருட்டல்ல.

வெப்பம் இங்கே வேறு விதமாக நடந்துகொள்கிறது. சூடான காற்றில் உயரமானி குறைத்தே காட்டும். பத்துப் பாகைக்கு நான்கு சதவீதம் என்பது கணக்கு. நம் காற்று எப்போதும் அளவுகோலைவிடச் சூடு என்பதால், திரை 6,000 காட்டும்போது உண்மையில் 300 அடி போல மேலே இருப்போம். குளிர்நாட்டு மலைகளில் இது தலைகீழ். அங்கே திரை சொல்வதைவிடத் தாழ்வாக இருப்பார்கள், அதற்குத் தனித் திருத்த அட்டவணையே உண்டு. ஆக, நம் நாட்டு வெப்பம் இயந்திரத்திடமிருந்து பறித்துக்கொள்வதை உயரத்தில் கொஞ்சம் திருப்பித் தருகிறது. அதை நம்பித் தாழப் பறக்கலாம் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது, அது வேறு விஷயம்.

உயரப் பட்டையை ஒட்டி இருப்பது ஏறும் இறங்கும் வேகம், நிமிடத்துக்கு எத்தனை அடி என்று. சமவெளியில் அது விமானி செய்வதைக் காட்டும். மலையில் காற்று செய்வதையும் காட்டும். தென்மேற்குப் பருவத்தில் காற்று ஹட்டன் பக்கச் சரிவுகளில் ஏறி, மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் காய்ந்து சூடேறி இறங்குகிறது. பதுளையிலும் மட்டக்களப்பிலும் அதைக் கச்சான் என்கிறோம். கச்சான் அடிக்கும் நாளில் முகட்டைக் கடந்து காற்று இறங்கும் பக்கத்துக்கு வந்தால், மூக்கு அதே இடத்தில், இயந்திரம் அதே வலுவில் இருக்க, இந்த எண் மட்டும் கீழே போகும். நிமிடத்துக்கு முந்நூற்றைம்பது அடி ஏறக்கூடிய விமானத்துக்கு ஐந்நூறு அடி இறக்கும் காற்று போதும், தோற்றுவிடும். காற்றின் திசையையும் வேகத்தையும் அம்புக்குறியாகக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்றைத் திரையில் வரவழைக்கலாம். முகட்டைக் கடக்கும் முன் அதைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

திரையின் கீழ்ப்பாதியில் உள்ள திசைவட்டம் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மூக்கு நோக்கும் திசை மேலே. செல்ல வேண்டிய பாதை நடுவில் கோடாக: செய்மதி வழிகாட்டல் என்றால் மெஜெண்டா, தரை வானொலி நிலையம் என்றால் பச்சை. கோட்டின் நடுத்துண்டு விலகி நின்றால் பாதையை விட்டு விலகியிருக்கிறோம். பக்கக் காற்றில் மூக்கு ஒரு பக்கம், பயணம் ஒரு பக்கம் என்று இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இனி, இந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்பது. திரை தானாக எதையும் அளப்பதில்லை. இறக்கைக்குக் கீழே முன்னோக்கி நீட்டிய பிட்டோ குழாய் மோதும் காற்றை வாங்குகிறது. உடம்பின் பக்கத்தில் உள்ள சிறு துளை அசையாக் காற்றின் அழுத்தத்தை வாங்குகிறது. இரண்டையும் ஒரு காற்றுத் தரவுக் கணினி வேகமாகவும் உயரமாகவும் ஆக்குகிறது. சாய்வும் திசையும் வேறு ஒரு பெட்டியிலிருந்து வருகின்றன. அதற்குள் சுழலும் பம்பரங்கள் இல்லை, அசைவை உணரும் சிறிய மின்னணு உணரிகள் உண்டு. இறக்கைக்குள் இருக்கும் காந்தமானி அதற்குத் திசை சொல்கிறது.

இந்தப் பெட்டிகளில் ஒன்று செத்துப்போனால், அதற்குரிய பகுதியில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி விழும். அது நேர்மையான பழுது. திரையே அணைந்துவிட்டால் சிவப்புப் பொத்தானை அழுத்தி மற்றத் திரையில் அதே படத்தைக் கொண்டுவரலாம். அதுவும் போனால் கீழே மூன்று சிறிய மானிகள் தனியாக இருக்கின்றன. வேகம், சாய்வு, உயரம். மேலே பழைய காந்தத் திசைகாட்டி.

பயப்பட வேண்டியது நேர்மையற்ற பழுதுக்குத்தான். கணினி நலமாக இருக்கும், குழாய் அடைத்திருக்கும். அப்போது சிவப்புக் குறி விழாது, பொய் எண் அழகாக உருளும். பிட்டோ குழாய் முழுதாக அடைத்து உள்ளே பழைய அழுத்தம் சிக்கிக்கொண்டால், விமானம் ஏற ஏற வேகம் கூடுவதாகக் காட்டும். விமானி வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்குவார். உண்மை வேகம் ஏற்கெனவே குறைவு. 1996 பெப்ரவரி 6ஆம் திகதி டொமினிக்கன் குடியரசில் 189 பேரோடு கடலில் விழுந்த போயிங் 757இல் நடந்தது இதுதான். சில நாட்கள் மூடி போடாமல் நின்ற விமானத்தின் குழாய்க்குள் குளவி கட்டிய மண்கூடுதான் காரணமாக இருக்கக்கூடும் என்றார்கள் விசாரித்தவர்கள். குளவி என்றால் என்ன என்று தேயிலை மலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள், கொழுந்து மலையில் ஒரு வாரம் நின்று பார்க்கலாம். பக்கத்துத் துளை அடைத்தால் இன்னொரு கோலம்: உயரம் உறைந்துபோகும், ஏறும் இறங்கும் வேகம் பூச்சியத்தில் நிற்கும். அதற்குக் கொக்பிட்டுக்குள்ளேயே மாற்றுக் காற்றுவழியைத் திறக்கும் கைப்பிடி உண்டு. இந்த இரண்டு பொய்களையும் பிடிக்க ஒரே வழி, நீலம் பழுப்போடும் இயந்திர வலுவோடும் ஒப்பிடுவது. மூக்கு இவ்வளவு மேலே, வலு இவ்வளவு என்றால் வேகம் இவ்வளவுதான் இருக்க முடியும் என்ற கணக்குக் கையில் இருக்க வேண்டும்.

மலையைப் பற்றி அனேகமாக ஒன்றும் சொல்லாது என்றேன். 2008க்குப் பின் அதற்கு ஒரு விதிவிலக்கு வந்தது. செயற்கைக் காட்சி என்று ஒரு வசதி. வெறும் பழுப்புக்குப் பதிலாக, சேமித்து வைத்த நிலவரைத் தரவிலிருந்து மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் திரையில் வரைகிறது. விமானத்தின் உயரத்துக்கு 1,000 அடி கீழே வரை உள்ள நிலம் மஞ்சளாகும், 100 அடிக்குள்ளோ அதற்கு மேலேயோ இருந்தால் சிவப்பாகும். பச்சை வட்டம் ஒன்று மிதக்கும், விமானம் உண்மையில் எங்கே போய்ச் சேரும் என்பதைக் காட்ட. அந்த வட்டம் மலை முகத்தில் இருந்தால் முடிவு தெரிந்ததே. இது பெரிய முன்னேற்றம், மறுக்க மாட்டேன். 1974இல் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அது படம், கமெரா அல்ல. முகிலை வரையாது. லக்சபானவிலிருந்து பள்ளத்தாக்குகளைக் குறுக்கே தாண்டி ஓடும் மின்கம்பிகளை வரையும் என்று எதிர்பார்க்க முடியாது. கோபுரங்கள் தரவில் இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. அழகான படம் இன்னொரு சங்கடத்தையும் கொண்டுவருகிறது. இந்த வானிலையிலும் போகலாம் என்ற துணிச்சலைத் தருகிறது. 2010இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை புதுத் திரை விமானங்களையும் பழைய மானி விமானங்களையும் ஒப்பிட்டது. மொத்த விபத்து விகிதம் புதுத் திரையில் குறைவு. உயிர்ச்சேத விபத்து விகிதம் அதிகம். இத்தகைய விமானங்கள் நீண்ட பயணங்களுக்கும் மோசமான வானிலையிலும் அதிகம் பயன்பட்டது ஒரு காரணம், திரைக்கேற்ற பயிற்சி போதாதது இன்னொன்று. திரையைக் குறை சொல்ல நான் இதை எடுக்கவில்லை. மார்ச், ஏப்ரல் மாதப் பிற்பகல்களில் நம் மலைகளுக்கு மேலே இடிமுகில் எழும்பும்போது, திரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காலையிலேயே பறந்து முடித்தவர்தான் கெட்டிக்காரர்.

வீட்டுக் கணினியில் பறப்புச் சிமுலேட்டர் வைத்திருக்கும் பிள்ளைகள் இப்போது நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சோதனை. செஸ்னா 172ஐ எடுத்து, இரத்மலானைக்கு வெளியே கடலுக்கு மேல் 1,000 அடியில், வேகப் பட்டையில் 100 வைத்து, 30 பாகை சாய்ந்து ஒரு முழு வட்டம் அடியுங்கள். அப்புறம் காசல்ரீக்கு மேலே 7,000 அடிக்கு ஏறி அதே 100, அதே 30 பாகை. ஏறுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் பாருங்கள். அடுத்த திரையின் வரைபடத்தில் இரண்டு வட்டங்களையும் அளந்தால் இரண்டாவது பெரிதாக இருக்கும். முதன்மைத் திரையின் நடுப்பகுதி இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். வித்தியாசம் கீழ் மூலையின் சின்ன எழுத்தில் மட்டும்.